அவனா, அவரா: சிறுவர் பாத்திரங்களில் இனவெறி படியும் விதம்

மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் 15-ஆம் அத்தியாயம். மூடுபனியில் வெள்ளைக்காரச் சிறுவன் ஹக்கின் தோணியும், அவனோடு தப்பியோடும் கறுப்பின அடிமை ஜிம் இருக்கும் தெப்பமும் பிரிந்துபோகின்றன. இரவெல்லாம் தேடிக் களைத்து, ஹக் செத்துப்போய்விட்டான் என்றே நினைத்து, ஜிம் அப்படியே உறங்கிப்போகிறான். திரும்பி வரும் ஹக், 'அப்படி எதுவுமே நடக்கவில்லையே, நீ கனவு கண்டிருக்கிறாய்' என்று விளையாட்டுக்கு ஏமாற்றுகிறான். ஜிம் அதை நம்பிவிடுகிறான். பிறகு தெப்பத்தில் கிடக்கும் இலை தழைகளும் உடைந்த துடுப்பும் கண்ணில் படுகின்றன. இது குப்பை, நண்பனின் தலையில் மண்ணை வாரிப்போட்டு அவனை வெட்கப்பட வைப்பவர்களும் குப்பைதான் என்ற பொருளில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறான். ஹக் மன்னிப்புக் கேட்கிறான். ஆனால் அதற்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள அவனுக்கு 15 நிமிடம் பிடிக்கிறது. இந்தக் கணக்கைச் சொல்வதும் அவனேதான்.

அந்த 15 நிமிடத்துக்குள் என்ன நடந்தது என்பதை ட்வைன் விவரிக்கவில்லை. நாம்தான் ஊகிக்க வேண்டும். ஹக்குக்கு ஜிம்மைப் பிடிக்கும். செய்தது தப்பு என்பது உடனே உறைத்தும்விட்டது. அவனைத் தடுத்தது வெறுப்பு என்று சொல்ல அந்தப் பக்கங்களில் ஓர் ஆதாரமும் கிடையாது. தடுத்தது அவன் கற்றுக்கொண்ட மரியாதை. கறுப்பின அடிமை ஒருவனுக்கு முன்னால் வெள்ளைக்காரப் பையன் தலைகுனியக் கூடாது என்பதை, சாப்பிடும் முன் ஜெபம் சொல்ல வேண்டும் என்பதைக் கற்ற அதே ஊரில், அதே பெரியவர்களிடம்தான் அவன் கற்றிருக்கிறான்.

சிறுவர் பாத்திரத்தில் இனவெறியை எழுத முற்படுகிறவர்கள் வழுக்கும் இடம் இதுதான். அதை வெறுப்பாக எழுதிவிடுகிறார்கள். பிள்ளையின் முகம் சுளிக்கிறது, பல் நறநறக்கிறது, வசை வருகிறது. உண்மையில் பிள்ளைக்கு அது நல்ல பழக்கத்தின் வடிவில் வந்து சேர்கிறது. நல்ல பிள்ளை என்று பெயரெடுப்பதற்கு என்னென்ன வேண்டுமோ அவற்றில் அதுவும் ஒன்று. ஆகவே அதை மீறும்போது பிள்ளைக்கு விடுதலை உணர்வு வராது. குற்ற உணர்வுதான் வரும்.

அடுத்த அத்தியாயத்தையே பாருங்கள். அடிமைமுறை இல்லாத நிலப்பகுதி நெருங்குகிறது என்ற மகிழ்ச்சியில் ஜிம் வாய்விட்டுப் பேசுகிறான். பணம் சேர்த்து மனைவியை மீட்பேன், பிறகு இருவரும் உழைத்து இரண்டு பிள்ளைகளையும் மீட்போம், எசமான் விற்க மறுத்தால் ஆள் வைத்துத் திருடியாவது கொண்டுவருவோம் என்கிறான். தன் பிள்ளைகளைத் தானே 'திருடுவதாக' ஒரு தகப்பன் சொல்கிறான். ஹக்குக்கு அது கேட்டு உடம்பு சில்லிட்டுப்போகிறது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தக்காரர் யாரென்றே தனக்குத் தெரியாது, அவர் தனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லையே என்று அவன் மனம் பதறுகிறது. ஜிம்மின் எசமானி மிஸ் வாட்சனை நினைத்தும் வருந்துகிறான். எழுத்தும் நடத்தையும் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணுக்கு இப்படித் துரோகம் செய்யலாமா?

இந்த இரண்டு வரிகளையும் தனியே எடுத்துப் பாருங்கள். நமக்குத் தீங்கு செய்யாதவரின் பொருளுக்கு ஆசைப்படாதே. கற்றுக்கொடுத்தவருக்கு நன்றி மறவாதே. எந்த வீட்டிலும் பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதி. அதை வைத்துத்தான் ஒரு மனிதனைப் பொருளாக்கி முடித்திருக்கிறது அந்தச் சமூகம். நியூ ஆர்லியன்ஸ் வியாபாரி 800 டாலர் தருகிறான் என்றதும் ஜிம்மை விற்றுவிட நினைத்தவர் இதே மிஸ் வாட்சன்தான். அது ஹக்குக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கணக்கு அவன் மனதில் ஏறவில்லை. தெரிந்த விஷயம் ஒன்று எண்ணமாக மாறாமலே கிடப்பதைக் காட்டுவது மிகக் கடினமான வேலை. ட்வைன் அதை ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் செய்திருக்கிறார்.

31-ஆம் அத்தியாயம் எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம். ஜிம் இருக்குமிடத்தைத் தெரிவித்து ஹக் மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல அவனுக்கு லேசாக இருக்கிறது. பிறகு தெப்பத்தில் கழிந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. தன்னைத் தூங்கவிட்டு, தன் காவல் நேரத்தையும் சேர்த்து ஜிம் விழித்திருந்த இரவுகள். கடிதத்தைக் கிழிக்கிறான், நரகத்துக்கே போகிறேன் என்கிறான். அவன் நரகம் என்று சொல்வது அணிக்காக அல்ல, நிஜமாகவே போவோம் என்று நம்புகிறான். 'அடிமைமுறை தப்பு' என்ற முடிவுக்கு அவன் வரவே இல்லை. 'நான் கெட்டவன்' என்ற முடிவுக்குத்தான் வருகிறான்.

இங்கே நாவலை முடித்திருந்தால் பள்ளிக்கூட மேடைக்கு ஏற்ற கதையாகியிருக்கும். ட்வைன் மறு அத்தியாயத்திலேயே ஹக்கை ஒரு பண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். ஏன் தாமதம் என்று சாலி அத்தை கேட்கிறார். நீராவிக் கப்பலில் சிலிண்டர் தலை வெடித்துவிட்டது என்று ஹக் பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா? இல்லை, ஒரு கறுப்பன் செத்தான். நல்லவேளை, சில சமயம் ஆட்களுக்கே அடிபட்டுவிடும் என்கிறார் அவர். அன்பான பெண்மணி, வீட்டுக்கு வந்த பிள்ளையைக் கட்டிக்கொள்கிறவர். ஹக் அங்கே தன்னை மறைத்துக்கொள்ள நடிக்கிறான் என்று வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் நடிப்பதற்கு அந்த வாக்கியம் எவ்வளவு சுளுவாக வாயில் வந்துவிடுகிறது!

நேராகவே கேட்கிறேன். மேலே இவ்வளவு நேரமும் ஜிம்மைப் பற்றிய வினைகளெல்லாம் 'ஆன்' விகுதியிலேயே முடிந்திருந்தன: உறங்கிப்போகிறான், சொல்கிறான், போய்விடுகிறான். மிஸ் வாட்சனுக்கும் சாலி அத்தைக்கும் 'ஆர்' போட்டிருந்தேன். ஜிம் மணமானவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கவனித்தீர்களா? வேண்டுமென்றுதான் அப்படி எழுதினேன். கவனிக்காமல் கடந்திருந்தால், ஹக்கின் காதால் சிறிது நேரம் கேட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இல்லாத கருவியும் பொறுப்பும் தமிழில் எழுதுகிறவருக்கு உண்டு. அங்கே 'ஹீ' என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். வெள்ளையர்களை 'மிஸ்டர்', 'மிஸ்' என்றும், கறுப்பினப் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லியும் அழைப்பதை வைத்துத்தான் தரம் பிரித்துக் காட்ட முடியும். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றும் ஒரு தீர்ப்பு. நீ, நீங்கள், வந்தான், வந்தார், டேய், ஐயா. மொழிபெயர்ப்பாளர் முதல் பக்கத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். ஜிம்மைத் தொடக்கம் முதல் 'அவர்' என்று எழுதினால் ஹக் ஏற்கெனவே திருந்தியவன் ஆகிவிடுவான். கடைசிவரை 'அவன்' என்றே விட்டால், இது பையனின் பார்வையா, மொழிபெயர்ப்பாளரின் பழக்கமா என்று வாசகருக்குத் தெரியாது.

என் கருத்து இது. தன்மைக் கூற்றில் பையனே கதை சொல்லும்போது அவன் கற்ற விகுதியையே கடைசிவரை போட வேண்டும். 31-ஆம் அத்தியாயத்தில் 'அவர்' என்று மாற்றிவிடத் தோன்றும், மாற்றக் கூடாது. ஹக் தன் முடிவை மாற்றிக்கொண்டான், இலக்கணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதே சமயம் மற்ற பெரியவர்களுக்கு 'ஆர்' விகுதியை ஒரு இடம்கூடத் தவறாமல் போட வேண்டும். குடிகார வெள்ளையனுக்கும் போக்கிரிக்கும்கூட அந்தப் பையன் மரியாதை கொடுக்கிறான் என்பது பத்திக்குப் பத்தி வாசகர் காதில் விழ வேண்டும். அந்த வித்தியாசம் தெரிந்தால்தான் விகுதி பேசும். படர்க்கையில் எழுதினால் கதைசொல்லி 'அவர்' என்றும், பையனின் பேச்சில் மட்டும் 'அவன்' என்றும் வைக்கலாம். இரண்டையும் கலந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. பையனின் எண்ணத்தைச் சொல்லும் வரிகளில் கதைசொல்லியின் 'அவர்' நழுவி விழுந்துவிட்டால், அந்தக் காட்சியின் அழுத்தமே போய்விடும். முதல் வரைவு முடிந்ததும் இதற்கென்றே ஒருமுறை வினைமுற்றுகளை மட்டும் பார்த்துக்கொண்டு வாசிப்பது நல்லது.

ஹார்ப்பர் லீயின் 1960-ஆம் ஆண்டு நாவலான டு கில் எ மாக்கிங்பேர்டில் இதே சிக்கல் வேறொரு சொல்லில் வரும். நீதிமன்றத்தில் டாம் ராபின்சன் சாட்சி சொல்கிறார். 25 வயது, மணமாகி மூன்று குழந்தைகள். அரசு வழக்கறிஞர் அவரைத் திரும்பத் திரும்ப 'பாய்' என்றே கூப்பிட்டு விசாரிக்கிறார். அதைக் கேட்கச் சகிக்காமல் டில் என்ற சிறுவன் அழுகிறான். அவனை வெளியே கூட்டிவரும் சிறுமி ஸ்கௌட், என்ன இருந்தாலும் அவன் ஒரு நீக்ரோதானே என்று சமாதானம் சொல்கிறாள். ராபின்சனுக்காக வாதாடிக்கொண்டிருக்கும் வழக்கறிஞரின் சொந்த மகள் அவள். நல்ல வீடு இருந்தால் போதும், பிள்ளைக்குள் இது நுழையாது என்று நினைக்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். பிள்ளை வீட்டில் மட்டுமா வளர்கிறது? 'பாய்' என்பதைப் 'பையா' என்று மொழிபெயர்த்தால் தமிழில் கொஞ்சலாகிவிடும். 'டேய்' என்று போட்டால்தான் மூன்று குழந்தைகளின் தகப்பன் மேல் அது எப்படி விழுகிறது என்று தெரியும்.

அழைக்கும் விதம், வரிசை, எண்ணிக்கை. பிள்ளைக்கு இனவெறியைச் சொல்லிக்கொடுப்பவை பெரும்பாலும் இந்த மூன்றும்தான். யாரைப் பெயர் சொல்லி அழைக்கலாம், யாரை அழைக்கக் கூடாது? கடையில் முன்னால் நிற்பவர் இருக்க, பின்னால் வந்தவருக்கு யார் சாமான் எடுத்துக் கொடுக்கிறார்? 'யாருக்காவது அடிபட்டதா' என்ற கேள்வியில் அந்த 'யாரும்' யார்? பாத்திரத்தை உருவாக்கும்போது அதன் நிறம், உயரம், பிடித்த சாப்பாடு என்று குறித்துவைப்பதைவிட, இந்த மூன்று கேள்விக்கும் அந்தப் பிள்ளை தெருவில் கண்ட விடைகளைக் குறித்துவைப்பது பல மடங்கு உதவும். பெரியவர்கள் யாரும் உட்காரவைத்து இனவெறிப் பாடம் நடத்தும் காட்சி தேவையே இல்லை. அப்படி ஒரு காட்சி இருந்தால் அதை வெட்டிவிட்டு, அதற்குப் பதில் கடையில் காத்திருக்கும் காட்சி ஒன்றை வைத்துப் பாருங்கள்.

மில்ட்ரெட் டெய்லரின் 1976-ஆம் ஆண்டு நாவல் ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை. 1933-இன் மிசிசிப்பி. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு அந்த வருடம் பாடப்புத்தகங்கள் வருகின்றன, எல்லாம் பழசு. அட்டையின் உட்பக்கம் ஒரு அட்டவணை. புத்தகம் வழங்கிய வருடம், புத்தகத்தின் நிலை, மாணவரின் இனம். 1922-இல் புதிது, வெள்ளை. அங்கிருந்து 11 வரிகள், எல்லாவற்றிலும் வெள்ளை. நிலை மட்டும் படிப்படியாக இறங்குகிறது. 12-ஆவது வரி 1933: மிக மோசம், இனம் என்ற இடத்தில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். ஆசிரியை, அவரும் கறுப்பினத்தவர்தான், அவனை அடிக்கிறார். யாரும் யாரையும் திட்டாமல், ஓர் அட்டவணையின் வாயால் சொல்லிவிட்டார் டெய்லர். அரசாங்கக் காகிதத்துக்குக் கோபம் கிடையாது. அந்தக் காட்சி இவ்வளவு கனப்பதற்குக் காரணம் அதுதான்.

பாதிக்கப்படும் பக்கத்துப் பிள்ளைக்கு வரும்போது எழுதுகிறவருக்கு வேலை இன்னும் நுணுக்கமாகிறது. டோனி மாரிசனின் தி ப்ளூயஸ்ட் ஐ (1970) நாவலில் 11 வயதுக் கறுப்பினச் சிறுமி பெக்கோலா மூன்று சில்லறைக் காசுகளோடு மிட்டாய் வாங்கப் போகிறாள். போகும் வழியில் மஞ்சள் பூவோடு டேன்டிலையன் செடிகள். இவற்றை ஏன் களை என்கிறார்கள், அழகாகத்தானே இருக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறாள். வெள்ளைக்காரக் கடைக்காரர் அவளைத் திட்டவில்லை, விரட்டவில்லை. அவர் கண் அவள் இருக்கும் பக்கம் வந்து, அவள் மேல் படியாமல் நின்றுவிடுகிறது. அவள் விரல் காட்டும் மிட்டாய் எது என்று அவருக்குப் புரிவதில்லை. காசை நீட்டும்போது அவள் கையைத் தொட அவர் தயங்குகிறார். ஒருவழியாக வாங்கும்போது அவருடைய நகம் உள்ளங்கையில் உரசிப்போகிறது. அவ்வளவுதான். வெளியே வருகிறாள். அதே செடிகளைப் பார்த்து, அசிங்கம், களை என்கிறாள்.

போகும்போது பூ, வரும்போது களை. நடுவில் ஒரு கடை. அவளுக்குள் என்ன மாறியது என்று விளக்க ஒரு பத்தி எழுதியிருந்தால் இதில் பாதிகூட நிற்காது. இதன் உறுப்புகளைக் கழற்றிப் பார்க்கலாம். முதலில், பிள்ளைக்குச் சொந்தமான ஒரு சின்னத் தீர்ப்பு வேண்டும். ஊர் சொல்வதற்கு மாறாக, தானே கண்டுபிடித்ததாக. அது கடைக்காரர் வரும் முன்பே பதிந்திருக்க வேண்டும். பிறகு சம்பவம், முடிந்தவரை சத்தமில்லாமல். கடைசியாக அந்தத் தீர்ப்பு அவள் வாயாலேயே கவிழ வேண்டும். வரிசை மாறினால் காட்சி கெடும். சம்பவத்துக்குப் பிறகுதான் பூவை அறிமுகப்படுத்தினால் அது வெறும் உவமையாகிவிடும். திரும்பும் வழியில் பெக்கோலாவுக்குக் கோபம் ஒருமுறை எட்டிப்பார்க்கிறது, நிலைக்கவில்லை, வெட்கம் மறுபடி வந்து மூடிக்கொள்கிறது. கோபம் வந்துவிட்டால் பிள்ளை தப்பித்துவிடும் என்று எழுதுகிறவர்கள் அவசரப்பட்டு நம்பிவிடுகிறோம்.

1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி நடத்திய பொம்மைச் சோதனை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள கறுப்பினக் குழந்தைகளுக்கு முன் நிறம் தவிர எல்லாம் ஒன்றான நான்கு பொம்மைகள். விளையாட எது வேண்டும், எது நல்லது, எது கெட்டதாகத் தெரிகிறது என்றெல்லாம் முதலில் கேட்டார்கள். உன்னைப் போல் இருப்பது எது என்பதைக் கடைசியில் கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்று எடுத்தார்கள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது சில குழந்தைகள் அழுதுவிட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வுக்கு இடமுண்டு. கதை எழுதுகிறவர் அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது கேள்விகளின் வரிசை. 'நீ யார்' என்பதைக் கடைசியில் வைத்தார்கள். பிள்ளை தன் விருப்பங்களையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி சுடும்.

இனி, கெட்டுப்போகும் வழிகள். ஒன்று அடிக்கடி பார்ப்பது: 1930-களின் பிள்ளைக்கு இன்றைய மனசு. சுற்றிலும் எல்லோரும் இனவெறியர்கள், நாயகனான பத்து வயதுப் பையனுக்கு மட்டும் எப்படியோ எல்லோரும் சமம் என்று தெரிந்திருக்கிறது. எங்கிருந்து தெரிந்தது? பதில் இல்லையென்றால் அவன் பாத்திரமல்ல, ஆசிரியரின் வக்கீல். இன்னொன்று, ஊரின் இனவெறி மொத்தத்தையும் ஒரே வில்லன் தலையில் கட்டிவிடுவது. அவனைத் தோற்கடித்ததும் ஊர் சுத்தமாகிவிடும். சாலி அத்தைகள் தப்பித்துவிடுவார்கள்.

மூன்றாவதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. வெள்ளைக்காரப் பிள்ளை மனம் மாற வேண்டும் என்பதற்காகக் கறுப்பினப் பாத்திரம் ஆற்றில் குதித்து அதைக் காப்பாற்றும், அல்லது அதற்காக உயிரை விடும். அப்படியானால் சாதாரணமாக, முசுடாக, சோம்பேறியாக இருக்கும் கறுப்பினத்தவருக்கு மனிதன் என்ற இடம் கிடையாதா? வரைவில் இப்படி ஒரு காட்சி இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். காப்பாற்றுவதை எடுத்துவிட்டு, அந்த மனிதர் பிள்ளையிடம் ஏதோ ஒன்றுக்கு முடியாது என்று சொல்வதாக மாற்றி எழுதுங்கள். பிள்ளை அதற்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் அதன் உண்மையான நிலை தெரியும். ஜிம்மும் 15-ஆம் அத்தியாயத்தில் செய்வது அதைத்தான். உதவவில்லை, கடிந்துகொள்கிறார்.

ஒரே கணத்தில் திருந்துவதும் அப்படித்தான். ஹக்கின் பாதையைக் கோடாக வரைந்தால் 15-இல் ஏற்றம், 16-இல் இறக்கம், அதே அத்தியாய முடிவில் துப்பாக்கிக்காரர்களிடம் 'தெப்பத்தில் இருப்பவர் வெள்ளைக்காரர்' என்று பொய் சொல்லிக் காப்பாற்றும் ஏற்றம், 31-இல் உச்சம், 32-இல் மறுபடி தரை. மனமாற்றம் எழுதுகிறவர் உச்சத்துக்குப் பிறகு ஒரு சறுக்கலையாவது வைக்க வேண்டும். அதுவும் பிள்ளைக்கே தெரியாத சறுக்கலாக இருந்தால் நல்லது.

வசைச்சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ட்வைனின் நாவலில் அந்த ஒரு சொல் 200 முறைக்கு மேல் வருகிறது. 2011-இல் வந்த ஒரு அமெரிக்கப் பதிப்பு அதையெல்லாம் 'அடிமை' என்று மாற்றியது. வகுப்பறையில் அந்தச் சொல்லைக் கேட்டு உட்கார்ந்திருக்கும் கறுப்பினப் பிள்ளைகளின் வலியை நினைத்தால் அந்த முயற்சியை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் அடிமை என்பது ஒருவர் இருக்கும் நிலை. அந்தச் சொல்லோ விடுதலை பெற்றவரையும் விடாது. தமிழில் புதிதாக எழுதுகிறவருக்கு ஒரு எளிய சோதனை. வரைவிலிருந்து எல்லா வசைகளையும் அடித்துவிட்டு வாசியுங்கள். இனவெறி அத்தோடு மறைந்துவிட்டால், அது வெறும் மேல்பூச்சாகத்தான் இருந்திருக்கிறது. மறையாமல் விகுதியிலும் வரிசையிலும் நின்றால், வசைகளில் மிகத் தேவையானவற்றை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஹக்கின் கதையில் மொழிபெயர்ப்பவர் கை நடுங்கும் இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. 40-ஆம் அத்தியாயம். தப்பியோடும்போது ஹக்கின் நண்பன் டாம் சாயருக்குக் காலில் குண்டடி. மருத்துவர் வராமல் நகர மாட்டேன் என்று ஜிம் நின்றுவிடுகிறார், தன் விடுதலையையே பணயம் வைத்து. ஹக் அவரைப் பாராட்டுகிறான்: உள்ளுக்குள் அவன் வெள்ளைதான் என்று எனக்குத் தெரியும். 43 அத்தியாயக் கதையில் அந்தப் பையன் தரும் மிகப் பெரிய புகழ்ச்சி இது. அவனிடம் இருந்ததில் விலைமதிப்பான சொல் அதுதான், அதை எடுத்துக் கொடுத்துவிட்டான். தமிழில் கொண்டுவரும்போது 'உள்ளம் வெள்ளை' என்று எழுதத் தோன்றும். நம் மொழியில் அதற்குக் கள்ளமற்ற மனம் என்ற அழகான பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும், வாசகர் நெகிழ்ந்துபோவார். அப்படி எழுதக் கூடாது. 'உள்ளுக்குள் அவன் வெள்ளைக்காரன்' என்றே போட வேண்டும், அந்த 'அவன்' உட்பட.